குழாய்த் தண்ணீரில் துடித்த இதயம்

1882-ல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒருபுறம் மருத்துவமனை நோயாளிகள், கிடைத்த நேரத்தில் தவளைகள். வெறும் உப்புக் கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று கட்டுரையும் எழுதிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த சுத்த நீரில் கலந்ததே அல்ல, நியூ ரிவர் கம்பெனி சப்ளை செய்த குழாய்த் தண்ணீரில் கலந்தது என்று. சுத்த நீரில் கலந்து கொடுத்தால் இதயம் சோர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை அதைத் துடிக்க வைத்திருந்தது. 1883-ல் ரிங்கர் இதைத் தானே அச்சில் ஒப்புக்கொண்டு எழுதினார். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் ‘ஆர்.எல்.’ பாட்டிலின் முதல் எழுத்து இவர் பெயர்தான்.

அன்றைய ஆராய்ச்சிக்கு முழு இதயம் வேண்டும். 1895-ல் ஜெர்மனியின் ஆஸ்கர் லாங்கென்டார்ஃப் பாலூட்டிகளின் இதயத்தையும் உடலுக்கு வெளியே துடிக்க வைத்தார். எத்தனை முறை துடிக்கிறது, எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்று அளக்கலாம், அவ்வளவுதான். கால்சியம் தசைக்குள் போய் எதைப் பிடிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் 1960-களில் ஜப்பானில் கிடைத்தது. எபாஷி செட்சுரோவின் குழு ட்ரோபோனின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. கால்சியம் அதில் ஒட்டினால் தசை சுருங்கும். நெஞ்சுவலி என்று ஓடினால் இன்று முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அந்த ட்ரோபோனினைத்தான் தேடுகிறது. இதயச் செல் சேதமானால் அது ரத்தத்தில் கசிந்துவிடும்.

ஆனால் ஒற்றைச் செல்லை உயிரோடு பிரித்தெடுப்பது மட்டும் வெகுகாலம் கைகூடவில்லை. இடைஞ்சல் செய்ததும் கால்சியம்தான். பக்கத்துச் செல்களோடு ஒட்டிக்கொண்டிருக்க அது வேண்டும். ஆகவே பிரிக்க வேண்டுமானால் அதை நீக்கியாக வேண்டும். நீக்கிவிட்டு மறுபடி கொடுத்தாலோ செல்கள் சுருண்டு செத்தன. 1966-ல் இதை விவரித்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘கால்சியம் முரண்’ என்று பெயரிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1976-ல், பவல், ட்விஸ்ட் என்ற இருவர் கால்சியத்தைத் தாங்கும் செல்களை எலி இதயத்திலிருந்து பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள்.

அந்த வேலை இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் நடக்கிறது. எலியின் இதயத்தை மகாதமனி வழியாக ஒரு குழாயில் கட்டித் தொங்கவிடுவார்கள். லாங்கென்டார்ஃபின் ஏற்பாடுதான் அது. 37 டிகிரியில் முதலில் கால்சியம் இல்லாத கரைசல், பிறகு கொலாஜினேஸ் என்ற நொதி. சிவந்த இதயம் வெளுத்துத் தொளதொளவென்று ஆகும். அதைக் கத்தரித்து, சல்லடைத் துணியில் வடித்து, கால்சியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பிழைத்த செல் குறுக்குக் கோடுகளோடு நீளமாகச் செங்கல் போலக் கிடக்கும், செத்தது உருண்டையாகியிருக்கும். நொதி ஒரு நிமிடம் அதிகமாக ஓடினாலும் அன்றைய காலை வீண்.

அப்படிப் பிழைத்த செல்களில்தான் 1993-ல் செங், லெடரர், கானல் ஆகியோர் கால்சியம் பொறிகளைப் பார்த்தார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய செல்லுக்குள் அங்கங்கே கணநேரம் மின்னி அணையும் புள்ளிகள் அவை. ஒரு துடிப்பு என்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்வது.

இப்போது எலிகூட எல்லா இடத்திலும் தேவையில்லை. ஜப்பானிய விஞ்ஞானி யமனகா 2007-ல் மனிதத் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டியபின், யாருடைய ரத்தத்திலிருந்தும் இதயச் செல்லை வளர்க்கலாம். இரண்டு வாரத்துக்குள் தட்டில் தானாகத் துடிக்கத் தொடங்கிவிடும். ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் சொக்கிப்போவது அதைப் பார்த்துத்தான். ஆனால் அந்தத் துடிப்பு ஒரு குறை. வளர்ந்தவரின் இதயக் கீழறைச் செல், மின் தூண்டல் வராதவரை சும்மா கிடக்கும். தட்டில் துடிப்பது கருவில் இருக்கும் பிள்ளையின் செல்லைப் போன்றது, எரிபொருளுக்குக் கொழுப்பைவிடச் சர்க்கரையையே நம்பும். 2018-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் தூண்டலின் வேகத்தை நாளுக்கு நாள் கூட்டி, நான்கு வாரத்தில் அவற்றை ஓரளவு முதிர வைத்தார்கள். ‘தட்டில் வளர்த்த இதயம்’ என்று தலைப்புப் போடும் பத்திரிகைகள் இந்த ‘ஓரளவு’ என்ற சொல்லை விட்டுவிடுகின்றன.

இழந்த செல் திரும்பி வருமா? வராது என்பதே நெடுநாள் பாடம். 2009-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அதன் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதமும், 75 வயதில் 0.45 சதவீதமும் புதிதாகின்றன. மாரடைப்பில் கருகிய தசையை ஈடுகட்ட இது எந்த மூலைக்கும் போதாது. இதயத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது, தசை வேண்டிய அளவு புதுப்பிக்கப்படும் என்று முழங்கிய பியரோ அன்வெர்சாவின் கதையோ வேறு மாதிரி முடிந்தது. 2018-ல் அவர் ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்டே பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆசையில் கரைந்த வருடங்களுக்குக் கணக்கில்லை.

தமிழ் வாசகர்கள் நேரடியாகக் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும் ஹைதராபாத்தின் தங்கராஜ் முதலானோரும் சேர்ந்து, இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது, இதயத் தசை நோயோடும் தொடர்புடையது. அப்போது 4 சதவீதம் என்றதும் பலரும் மிரண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியினருக்கே ஆபத்து கூடுதல் என்று காட்டின. அப்படிப்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து வளர்த்த இதயச் செல்கள் தட்டில் தேவைக்கு மேல் சுருங்கின, கால்சியமும் தாறுமாறாக ஏறி இறங்கியது.