டப்பா ஏன் திரும்பி வருகிறது?

தில்லிக்கு மகள் வீட்டோடு வந்த பிறகு, பேத்திக்கு டிபன் டப்பா கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. மகள் ஆறே முக்காலுக்கே மெட்ரோ பிடிக்க ஓடவேண்டியவள். ரிடையரான கிழவனுக்கு வேறென்ன வேலை? கட்டிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. நாலாம் வகுப்புக் குழந்தை, ஏழேகாலுக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப இரண்டரை. வந்ததும் சுருண்டு படுத்துவிடும்.

"ஏன் கண்ணு சாப்பிடலை?" என்றால், "டைமே இல்லே தாத்தா."

சாக்கு என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், பத்தரை மணிக்கு விடும் இடைவேளை 20 நிமிஷம். கை கழுவ வரிசையில் நின்றது போக மிச்சம் பத்து நிமிஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: ஒரு இட்லி சாப்பிட அவளுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. நான் வைத்ததோ நாலு இட்லி! இப்போது இரண்டுதான். வாய்க்கு அடங்கும் துண்டுகளாக நறுக்கி, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் புரட்டி வைக்கிறேன். டப்பா காலியாக வருகிறது.

அடுத்தது நீராவி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியும் புத்தி வரவில்லை பாருங்கள். சுடச்சுட மூடினால் ஆவி மூடியில் முத்துக்கட்டிச் சொட்டி, தோசை சொதசொதவென்று ஆகிவிடும். பத்து நிமிஷம் தட்டில் ஆறவிட்டு மூடினால் போதும்.

தயிர்சாதம் தனிக்கதை. ஆகஸ்டுப் புழுக்கத்தில் ஒருநாள் அது புளித்துப் பொங்கிவிட்டது. பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். அதிலிருந்து பல நாள் இவள் டப்பாவைத் திறக்கவேயில்லை. அதை நவராத்திரி லீவில்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் என்பது நம் ரயில் பயணக் கணக்கு. வெயில் காலத்துக்கு அதுதான் சரி. டிசம்பர் குளிரில் அதே கணக்கில் கட்டினால் உறையாமல் பால்சாதமாகவே இருந்தது. குளிருக்கு இளஞ்சூட்டுப் பாலும் இரண்டு கரண்டி தயிரும் வேண்டும். தேங்காய்ச் சட்னியை ஏப்ரலோடு நிறுத்திவிடுவது நல்லது.

குளிர்காலத்தில் இங்கே வெந்தயக்கீரை கட்டுக்கட்டாக வருகிறது. அதைக் கிள்ளிப்போட்டு அடை வார்த்தால், பார்வைக்கு அந்த ஊர்க் குழந்தைகளின் மேத்தி பராத்தா மாதிரியேதான். யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. கூடவே இரண்டு கீற்றுக் கொய்யா வைக்கிறேன். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரத் துணை செய்யும். மூக்கைப் பொத்திய அதே பெண்ணுக்கு இப்போது தினமும் ஒரு துண்டு அடை கூடுதலாகப் போகிறது.

பீன்ஸ் பொரியல் மட்டும் இன்றைக்கும் வைத்தது வைத்தபடி திரும்பி வருகிறது.