சூடேறினால் புத்தி மட்டு
(பழைய கணிப்பொறியைக் குளிர வைக்கும் வழிகள்)

மேனிலை இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் மாணவியர்

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதரை நோக்கிச் சொன்ன இம்மொழி கணிப்பொறிக்கும் அப்படியே பொருந்துவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். காலையில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் கணிப்பொறி, பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆமையாக நகர்கிறது. அதன் மின்விசிறி ஆலைச் சங்கு போல இரைகிறது. சில வேளைகளில் எவ்வித முன்னறிவிப்பும் இன்றித் திரை கறுத்து அணைந்தும் போகிறது. பாதி எழுதிய பைதான் நிரல் சேமிக்கப்படாமல் மறைந்துவிடுகிறது. செய்முறைத் தேர்வு நெருங்கும் மாசி, பங்குனி மாதங்களில் இப்படி நேர்ந்தால் மாணவியின் கண்களில் நீர் வருவது இயல்பே.

நம்மில் பலருடைய வீடுகளில் கணிப்பொறி இல்லை. பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தில் கிடைக்கும் அந்த ஒரு பாட வேளைதான் நமக்குரிய பயிற்சி நேரம். ஒரு பொறி படுத்துவிட்டால் இருவர் ஒரு பொறியில் அமர வேண்டும். ஒருத்தி தட்டச்சு செய்ய, மற்றவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே பழைய பொறிகளை உயிரோடு வைத்திருப்பது நம் கல்வியோடு நேரே தொடர்புடைய செய்தியாகும். இந்நோய்க்குக் காரணம் யாது? மருந்து யாது? காண்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறியின் மூளை எனப்படுவது பிராசஸர் என்னும் சிறு சிலிக்கன் வில்லை. அதனுள் டிரான்சிஸ்டர்கள் என்னும் நுண்ணிய மின் கதவுகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை ஒரு நொடிக்குள் பல கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னாற்றல் செலவாகி வெப்பமாகிறது. ஒன்றின் வெப்பம் அற்பமானதே. ஆயினும் சிறு துளி பெருவெள்ளமாவது போல, எல்லாம் சேரும்போது அது பெருஞ்சூடாகிவிடுகிறது.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டவரே உருவாக்கி 1960ஆம் ஆண்டில் இயக்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறியில் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. வானொலி வால்வுகளைப் போன்ற அக்குழாய்கள் எரியும் விளக்குகளைப் போலவே சூடேறுபவை. பின்னர் சிலிக்கன் வில்லைகள் வந்தன. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முதல் நுண்செயலியில் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்களே. 1993இல் வந்த பென்டியத்தில் அவை 31 லட்சமாயின. இந்தப் பென்டியத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு ஆற்றிய வினோத் தாம் நம் நாட்டில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது.

2004இல் 'பிரெஸ்காட்' என்னும் பெயருடைய பென்டியம் 4 வந்தது. 112 சதுர மில்லிமீட்டர் பரப்பில், அதாவது நம் கட்டை விரல் நகத்தின் அளவில், 12 கோடியே 50 லட்சம் டிரான்சிஸ்டர்கள்! இதன் வேகமான வகைகள் 100 வாட்டுக்கும் மேல் வெப்பம் உமிழ்ந்தன. இதன் கடுமையை உணர ஓர் ஒப்பீடு செய்வோம். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் மின்சாரம் எடுக்கிறது. அதன் அடிப்பாகம் ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். ஆகச் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். அந்தப் பிராசஸரிலோ சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 90 வாட்! வெப்பம் எல்லை மீறியதால், வேகத்தை மேலும் ஏற்றும் போக்கை விட்டு நிறுவனங்கள் வேறு வழி தேடின. 2006இல் வந்த கோர் 2 டுவோ, ஒன்றுக்கு இரண்டாக மூளை கொண்டிருந்தும், அதன் பொது வகைகள் 65 வாட் அளவில் நின்றன. பழைய மேசைக் கணிப்பொறிகளில் நாம் இன்றும் காண்பவை பெரும்பாலும் இந்தக் காலத்தவையும் இவற்றிற்குச் சற்றுப் பின் வந்தவையுமே.

வெப்பம் எவ்வாறு வெளியேறுகிறது?

அடுப்பிலிருந்து இறக்கிய பாலை அகன்ற தட்டில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறது. பரப்பு கூடினால் வெப்பம் எளிதில் வெளியேறும் என்பதே காரணம். இதே முறையில்தான் பிராசஸரின் தலைமேல் 'ஹீட் சிங்க்' என்னும் உலோகக் கட்டி அமர்ந்துள்ளது. அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன அதில் சீப்பின் பற்கள் போல மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அதன்மேல் ஒரு சிறு விசிறி சுழன்று, நிமிடத்திற்குச் சுமார் ஆயிரம் லிட்டர் காற்றைத் தகடுகளுக்கிடையே செலுத்துகிறது.

பிராசஸரும் ஹீட் சிங்க்கும் சேரும் இடத்தில் வெண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு பசை இருக்கும். அதைக் கடைக்காரர்கள் 'தெர்மல் பேஸ்ட்' என்பர். எவ்வளவு வழவழப்பான உலோகமாயினும் அதில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அப்பள்ளங்களில் காற்று தங்கிவிட்டால் வெப்பம் கடந்து செல்லாது. காற்று ஓர் அரிதிற் கடத்தி. அந்த இடைவெளியை நிரப்பவே இப்பசை. பல ஆண்டுகள் கழிந்தால் இது காய்ந்து, வெடித்த வயல் போலாகிவிடும். அப்போது விசிறி எவ்வளவு சுழன்றாலும் பயனில்லை.

நம் ஊரில் ஏன் அதிகம்?

ஹீட் சிங்க் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது. இதை நாம் மறக்கலாகாது. அறையின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ், பிராசஸரின் வெப்பம் 63 டிகிரி என வைத்துக்கொள்வோம். வேறுபாடு 35. கோடையில் அறை 40 டிகிரியானால், அதே வேலைக்குப் பிராசஸர் 75 டிகிரியை எட்டும். இத்துடன் தூசியும் அடைத்து வேறுபாடு 50 ஆகிவிட்டால் 90 டிகிரி! கத்திரி வெயில் காலத்தில் கணிப்பொறிகள் படுப்பதன் கணக்கு இதுவே.

தூசிக்கும் இங்கே குறைவில்லை. வேப்பந்தட்டை பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மண். பருத்தி ஆராய்ச்சி நிலையமே இங்கு உண்டு. மக்காச்சோளம் அடிக்கும் நாட்களில் உமித்தூசி காற்றில் மிதக்கும். பருத்திப் பஞ்சின் நுண்ணிழைகளும் சாலைப் புழுதியும் சன்னல் வழியே வந்து, விசிறியால் உறிஞ்சப்பட்டு, ஹீட் சிங்க் தகடுகளின் மேல் கம்பளி போலப் படிகின்றன. சித்திரை வெயிலில் ஒருவருக்குக் கம்பளி போர்த்தினால் எப்படி இருக்கும்? பிராசஸரின் நிலை அதுவே.

நோயை அறிவது எப்படி?

இயக்கிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேகம் குறைதல், விசிறி இரைதல், திடீரென அணைதல், சற்று ஆறிய பின் மீண்டும் நன்றாக இயங்குதல் ஆகியவை வெப்ப நோயின் அடையாளங்கள். வேகம் குறைவது உண்மையில் ஒரு தற்காப்பு. 2000ஆம் ஆண்டில் வந்த பென்டியம் 4 முதல், சூடு எல்லை மீறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு பிராசஸரிலேயே அமைந்தது. இன்னும் ஏறினால் தானே அணைந்துவிடும். இதனை 2001இல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' என்னும் இணைய இதழ் சோதித்துக் காட்டியது. ஓடிக்கொண்டிருந்த பொறியில் ஹீட் சிங்க்கை எடுத்துவிட்டபோது, பென்டியம் 4 வேகம் குறைந்து பிழைத்தது, அந்நாளைய ஏ.எம்.டி. அத்லான் நொடிகளில் புகைந்து கருகியது.

எண்ணாலும் அறியலாம். கணிப்பொறியை இயக்கியவுடன் 'டெலிட்' விசையை அழுத்தினால் பெரும்பாலானவற்றில் 'பயாஸ்' திரை வரும். அதில் 'பி.சி. ஹெல்த்' அல்லது 'ஹார்டுவேர் மானிட்டர்' என்னும் பக்கத்தில் பிராசஸரின் வெப்பமும் விசிறியின் சுழற்சியும் காட்டப்படும். வேலையின்றி இருக்கையில் 35 முதல் 50 டிகிரி வரையிலும், வேலை செய்கையில் 70, 75 வரையிலும் இருப்பின் கவலையில்லை. 85ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். வெப்பம் குறைவாக இருந்தும் பொறி அணைந்தால், குற்றம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின் வழங்கியிலோ, மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டரிலோ இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

மருந்து

கீழ்க்காணும் வேலைகளை மாணவியர் தனியே செய்யக் கூடாது. ஆசிரியையோ வீட்டுப் பெரியவரோ உடனிருக்க வேண்டும்.

1. கணிப்பொறியை முறைப்படி அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியைத் தாழ்வாரத்திற்கோ மரத்தடிக்கோ கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும்.

2. பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்திப் பின் ப்ளோயரால் ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுமீறிச் சுழன்று அதன் பேரிங் கெடும். ஈரத்துணி அறவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. மேலோட்டமாக ஊதுவதோடு நின்றுவிடக் கூடாது. கம்பளி போன்ற தூசி விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும். விசிறியைக் கழற்றினாலன்றி அது தெரியாது. பத்தில் பல பொறிகளுக்கு இந்த ஒரு வைத்தியமே போதும்.

4. அப்போதும் சூடு குறையாவிடில் பசையை மாற்ற வேண்டும். பழைய இன்டெல் பொறிகளில் ஹீட் சிங்க்கின் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவற்றை அம்புக்குறிப்படி திருகி மேலே இழுத்தால் ஹீட் சிங்க் விடுபடும். ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் பழைய பசையைத் துடைத்துவிட்டு, நடுவில் துவரம் பருப்பு அளவே புதிய பசை வைக்க வேண்டும். நிறைய அப்பினால் நிறையக் குளிரும் என்பது தவறு. பள்ளத்தை நிரப்பும் அளவே போதும். மிகுந்தால் அதுவே தடையாகும்.

5. மீண்டும் பொருத்துகையில் முளைகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக 'க்ளிக்' என்னும் ஓசை வரும்வரை அழுத்த வேண்டும. ஒரு முளை சரியாக இறங்காவிடினும் ஹீட் சிங்க் சாய்ந்து நின்று, சூடு முன்னிலும் கூடும். விசிறியின் ஒயரை அதற்குரிய இடத்தில் செருகியதைச் சரிபார்த்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

6. விசிறி மெல்லச் சுழன்றாலோ கரகரத்தாலோ புதியது மாற்றுவதே முறை. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுவது சில வாரங்களுக்கே உதவும். தேங்காய் எண்ணெய் கூடாது; அது பிசுபிசுத்துத் தூசியைக் கூட்டும்.

வருமுன் காத்தல்

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்புறம் ஒரு சாண் இடம் விட வேண்டும். நாற்புறமும் மூடிய மேசை அறைக்குள் திணிக்கக் கூடாது. தரையில் வைத்தால் பெருக்கும் தூசி முழுதும் உள்ளே போகும். ஆகவே ஒரு முக்காலியின் மேல் வைக்கலாம். தூசு உறையைப் பொறி இயங்கும்போது எடுத்துவிட வேண்டும். சிலர் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை எதிரே வைப்பர். அவசரத்திற்கு ஒரு நாள் செய்யலாம். வழக்கமாக்கினால் புழுதியும் பல்லியும் குடியேறும். ஏர் கூலரின் ஈரக்காற்றையும் பொறியின் மேல் நேரே படவிடக் கூடாது. ஆண்டுக்கு இருமுறை, சோளம் அடிக்கும் பருவம் முடிந்த பின்னும், தேர்வுக்கு முன்னும், தூசி துடைப்பது நம் ஊருக்கு ஏற்ற வழக்கம். ஆய்வுக்கூடத்தில் கடினமான வேலைகளைக் காலைப் பாட வேளைகளில் வைத்துக்கொள்வதும் அறிவுடைமை.

இவ்வளவு பாடு எதற்கு? புதியது வாங்கிவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். ஒரு சிறு குழல் பசையும் ஒரு புது விசிறியும் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்களே ஆகும். புதுப் பொறியோ பல ஆயிரம். மேலும், 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், எதையும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பழக்கத்தைக் கண்டித்து, பூமியை நம் பொது இல்லமாகப் பேணுமாறு அழைத்தது. ஒரு பழைய கணிப்பொறியை இன்னும் மூன்றாண்டு ஓட வைப்பது அவ்வழைப்பிற்கு நாம் தரும் சிறியதொரு விடையாகும்.

அது நமக்குப் பின்வரும் தங்கைகளுக்குச் செய்யும் உதவியுமாகும். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒருத்தி, நாளை முதன்முதலாக நிரல் எழுதப் போவது இதே பொறியில்தான். அவள் எழுதிய வரிகள் பாதியில் மறையாமல் இருக்க, நாம் இன்று ஒரு பிரஷ்ஷும் அரைமணி நேரமும் செலவிடுவோமாக!