பழைய நிரலும் புதிய பைத்தானும்

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அதனை எழுத உதவும் மொழிகளுள் ஒன்று பைத்தான். இதன் மூன்றாம் பதிப்பு 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. பழைய நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. ஆகவே, 2015இல் கைவிடக் கருதிய இரண்டாம் பதிப்பை 2020 வரை பேணலாயினர்.

'பிரிண்ட்' என்னும் கட்டளைக்குப் புதிய பதிப்பில் பிறை அடைப்பு வேண்டும். இன்றேல் கணிப்பொறி உடனே பிழை காட்டி நின்றுவிடும். இத்தகையவற்றைத் திருத்த ஒரு கருவியும் இருந்தது. வகுத்தலோ அவ்வளவு எளிதன்று. மாணவர்களே, 7ஐ 2ஆல் வகுத்துப் பாருங்கள். பழைய பதிப்பு மீதியை விட்டு 3 என்னும், புதியது 3.5 என்னும். பிழைச் செய்தி தோன்றாது. விடை மட்டும் மாறிவிடும். அஞ்சத்தக்கது இதுவே. எழுதியவர் வேண்டியது முழு எண்ணா, பின்னமா என்பதைக் கருவி அறியுமோ? ஆதலின், ஒவ்வொரு வகுத்தற் குறியையும் மனிதரே ஆராய வேண்டியதாயிற்று.