கப்பல் கட்டியவன் வீடு

இங்கிலாந்தின் தென்கரையில், பியூலி ஆற்றோரம், பக்லர்ஸ் ஹார்ட் என்றொரு சிற்றூர். ஆற்றை நோக்கி இறங்கும் அகலமான தெரு, இருபுறமும் செங்கல் வீடுகள், ஊரே அவ்வளவுதான். கரீபியன் தீவுகளிலிருந்து சர்க்கரை இறக்கத் துறைமுகம் வேண்டும் என்று 1720களில் மாண்டகு பிரபு போட்ட தெரு அது. தீவுகள் கைக்கு வரவில்லை, சர்க்கரையும் வரவில்லை. ஆனால் பக்கத்தில் நியூ ஃபாரஸ்டின் ஓக் மரங்கள் இருந்தன; போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளமும் தொலைவில்லை. ஊர் கப்பல் கட்டப் புறப்பட்டது.

கடற்படைத் தளபதி நெல்சன் பின்னாளில் தலைமையேற்ற 64 பீரங்கிக் கப்பலான அகமெம்னான் இங்கேதான் 1781இல் நீரில் இறங்கியது. அதற்குச் சுமார் 2,000 ஓக் மரங்கள் விழுந்ததாகச் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட மரத்தின் வளைவுதான் முக்கியம். கப்பலின் விலா வளைந்தது. நேர்மரத்தை அறுத்து வளைவாக்கினால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்திலேயே முறியும். அதனால் இயற்கையாகவே கோணலாக வளர்ந்த மரத்தைத் தேடினார்கள். தளத்தையும் பக்கச்சுவரையும் பிணைக்கும் முட்டுக்கட்டைக்கு, அடிமரத்திலிருந்து கிளை பிரியும் கவட்டையே சரி. தச்சனுக்கு ஆகாத கோணல் இங்கே அரும்பொருள்.

பலகைகளை இறுக்கியது பெரும்பாலும் மர ஆணி. ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். மர ஆணியோ நீரில் ஊறி உப்பி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பிறகு கலப்பத்து: பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைப் பலகை இடுக்கில் உளியால் அடித்துத் திணித்து, மேலே கொதிக்கும் கீல் ஊற்றுவது. இத்தனைக்குப் பிறகும் நீரில் இறங்குவது வெறும் உடல்தான். அதை போர்ட்ஸ்மவுத்துக்கு இழுத்துப்போய்த்தான் பாய்மரமும் பீரங்கியும் ஏற்றினார்கள்.

1805இல் நடந்த ட்ரஃபால்கர் கடற்போரில் இவ்வூர்க் கப்பல்கள் மூன்று இருந்தன. அவற்றைக் கட்டிய பட்டறையை வளர்த்த தலைமைக் கட்டுநர் ஹென்றி ஆடம்ஸ் அதே ஆண்டில், 92 வயதில் காலமானார். பின்னர் பட்டறையும் ஓய்ந்தது.

இப்போது அருங்காட்சியகத்தின் பகுதிகளாக இருப்பவை கூலியாளின் சிறு வீடும், கப்பல் தச்சனின் சற்றே வசதியான வீடும். இரண்டையும் 1793இல் இருந்தது போலவே அமைத்திருக்கிறார்கள். வழக்கமாக முதலாளி வீட்டைத்தான் காட்சிக்கு வைப்பார்கள். ஆடம்ஸின் வீடு ஓட்டலாகிவிட்டது. பணம் கட்டினால் இரவு தங்கலாம்.