புதுக் கணினியும் பழைய பெட்டகமும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நம்மவர் இல்லங்களில், கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி ஒன்று முன்னாளில் தவறாமல் இருக்கும். ஜாதகங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், ஊர் நிலத்தின் பத்திரப் பிரதி, ஓரம் மழுங்கிய கலியாணப் புகைப்படங்கள் யாவும் அதனுள் அடைக்கலம் புகுந்திருக்கும். வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் முதலில் ரயிலேறுவது அப்பெட்டிதான். இன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டகம் ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க் என்று நாம் வழங்குவது அதனைத்தான். மறைந்த பாட்டனாரின் குரலும், குழந்தையின் முதல் நடையும், குலதெய்வக் கோயில் குடமுழுக்கும் அதனுள்ளேயே இருக்கின்றன.

இல்லத்தில் புது மடிக்கணினி ஒன்று வாங்குகிறோம். ஆவலோடு பழைய டிஸ்க்கை அதனுடன் இணைக்கிறோம். கணினியோ அப்படி ஒரு பொருள் வந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. அல்லது, பொருள் விளங்காத எச்சரிக்கை ஒன்றைத் திரையில் நீட்டுகிறது. பத்தாண்டு நினைவுகள் பறிபோயினவோ என்று இல்லத்தார் கலங்குவது இயல்பே. ஆயினும், இத்தகைய வேளைகளில் பெரும்பாலும் டிஸ்க் நலமாகவே இருக்கிறது என்பதை நேயர்கள் முதற்கண் மனத்தில் இருத்த வேண்டும். கோளாறு கம்பியிலோ, மின்சாரத்திலோ, கணினியின் ஏற்பாட்டிலோதான் இருக்கும். கோளாற்றினால் அழிந்தவை ஒரு பங்கு என்றால், அவசரத்தில் அழுத்திய பொத்தானால் அழிந்தவையும் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இவ்விஷயத்திற்கு முற்றிலும் பொருந்தும்.

பெட்டகத்தின் உள்ளே

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. இருபத்து நான்கு அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுக்கள் அதனுள் சுழன்றன. அத்தனை தட்டுக்களிலும் சேர்ந்து அடங்கியவை ஐம்பது லட்சம் எழுத்துக்கள். இன்று நாம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் இரண்டு டெராபைட் டிஸ்க், ஏறத்தாழ அதனைப் போல் நான்கு லட்சம் மடங்கு கொள்ளத்தக்கது. அளவு சுருங்கினும் அமைப்பு மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல, படிக்கும் முனை அதன்மேல் படாமல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்கிறது. ஆதலின், சுழலும்போது டிஸ்க்கை அசைப்பதும், மேஜையிலிருந்து நழுவ விடுவதும் பெருந்தீங்காகும்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்த பின்னரே மருந்து கூறுவார். நாமும் அவ்வண்ணமே, எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதித்துச் செல்வோம்.

கம்பியும் துளையும்

யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996-ஆம் ஆண்டில் தோன்றியது. அன்றுமுதல் நாம் பழகிய நீள்சதுரத் துளை ‘ஏ’ வகையைச் சார்ந்தது. 2014-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது ‘சி’ வகை. இருபுறமும் வளைந்து, எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்துவது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘சி’ வகைத் துளை மட்டுமே உண்டு. எனவே பழைய டிஸ்க்கின் கம்பி அதில் நேராகப் பொருந்துவதில்லை. இடையே ஓர் அடாப்டர் தேவைப்படுகிறது. தரமற்ற அடாப்டரே பல இல்லங்களில் தொல்லைக்கு மூலகாரணமாகிறது.

கைப்பேசிக்கு மின்னூட்டும் கம்பியை எடுத்து டிஸ்க்குடன் இணைத்துப் பார்ப்போரும் உளர். அத்தகைய கம்பிகள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் இழைகள் மட்டுமே இருக்கும். செய்தி செல்லும் இழைகள் இரா. டிஸ்க்கின் விளக்கு எரியும். கணினியோ ஒன்றும் அறியாது. ஆதலால், டிஸ்க்குடன் வந்த கம்பியையே முதலில் உபயோகிக்க வேண்டும். அதுவும் பழுதுபட்டிருக்குமோ என்று ஐயம் எழுந்தால், அதே வகையில் நல்ல கம்பி ஒன்றை மாற்றிப் பார்ப்பது நன்று. டிஸ்க்கின் பக்கத்து முனை தளர்ந்து ஆடுகிறதா என்பதையும், கணினியின் வேறொரு துளையில் செருகினால் பயன் உண்டா என்பதையும் உடனே அறிந்துகொள்ளலாம்.

மின்சாரம் போதுமா?

கையடக்க டிஸ்க்குகள் தமக்கு வேண்டிய ஐந்து வோல்ட் மின்சாரத்தைக் கணினியிடமிருந்தே பெறுகின்றன. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் அளிக்க வேண்டும் என்பது விதி. நின்ற தட்டைச் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்திலேயே டிஸ்க்கிற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. ஒரே துளையில் பலவற்றைச் செருக உதவும் ‘ஹப்’ என்னும் சாதனத்தின் வழியாக டிஸ்க்கையும் இணைத்தால், கிடைக்கும் சிறு மின்சாரத்தை எல்லாம் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. டிஸ்க் எழுவதும் விழுவதுமாகத் தத்தளிக்கிறது.

ஆகவே ஹப்பை நீக்கிவிட்டு, கணினியிலேயே நேராகச் செருக வேண்டும். கணினியின் மின்னூட்டியையும் இணைத்துக்கொள்வது நலம். ஹப் இன்றியமையாததாயின், தனக்கெனத் தனி மின்னூட்டி உடைய ஹப்பே ஏற்றது. மேஜைமேல் வைக்கும் பெரிய டிஸ்க்குகளுக்கோ தனியே ஒரு மின்னூட்டி உண்டு. வீடு மாறும்போது அது வேறொன்றுடன் மாறிப்போவது சாதாரணம். அதில் குறித்துள்ள வோல்ட் அளவு டிஸ்க்கில் குறித்துள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே செருக வேண்டும்.

டிஸ்க்கின் மீது மெல்ல விரலை வைத்துப் பாருங்கள். மெல்லிய அதிர்வு தென்பட்டால் தட்டு சுழல்கிறது என்று கொள்ளலாம். ‘டக், டக்’ என்று இடைவிடாமல் ஒலி வருமாயின், உடனே இணைப்பை நீக்கிவிடுங்கள். அதன் விவரத்தைப் பின்னர்க் காண்போம்.

கணினிக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை

விண்டோஸ் கணினி தன்னிடம் வந்த ஒவ்வொரு டிஸ்க்கிற்கும் ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டுகிறது. சில வேளைகளில் அப்பெயர் சூட்டல் நடைபெறாமற் போகிறது. பெயரில்லா விருந்தாளி திண்ணையிலேயே அமர்ந்திருப்பதுபோல், டிஸ்க்கும் கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது.

விண்டோஸ் விசையோடு ‘எக்ஸ்’ விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் திறந்தால், கணினி அறிந்த டிஸ்க்குகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். நம் டிஸ்க் எழுத்தின்றி நின்றால், அதன்மேல் வலப் பொத்தானை அழுத்தி, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ என்பதன் வழியே புதியதோர் எழுத்தைச் சேர்க்கலாம். ‘ஆஃப்லைன்’ என்று குறித்திருந்தால், அதே முறையில் ‘ஆன்லைன்’ ஆக்கலாம். இவ்விரண்டும் உள்ளிருப்பவற்றிற்கு ஊறு செய்யா.

ஆனால், டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்ய வேண்டும் என்றோ, ‘ஃபார்மட்’ செய்ய வேண்டும் என்றோ கணினி கேட்குமானால், ‘கேன்சல்’ என்பதையே அழுத்துங்கள். கடையிலிருந்து வந்த வெற்று டிஸ்க்கிடம் அக்கேள்வி முறையானது. நினைவுகள் நிறைந்த டிஸ்க்கிடம் அதே கேள்வி எழுந்தால், ‘இதனை எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்பதே அதன் பொருள். ‘இது வெறுமையாக உள்ளது’ என்பது பொருளன்று.

அங்கும் டிஸ்க் தென்படவில்லையா? ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். குறியுள்ள சாதனத்தை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, டிஸ்க்கைக் கழற்றி, கணினியை மறுபடி தொடக்கி இணைத்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். இதனால் அழிவது கணினி வைத்திருந்த குறிப்பு மட்டுமே. டிஸ்க்கில் உள்ளவை அல்ல. புதுக் கணினிக்கு அதனைச் செய்த நிறுவனம் வெளியிட்டுள்ள புதுப்பிப்புகளையும் நிறுவிக்கொள்ள வேண்டும்.

எழுத்து முறை வேறாயின்

வட்டெழுத்துக் கல்வெட்டைக் காணும் நம்மில் பலரால் அதனைப் படிக்க இயலாது. அதனால் கல் வெறுங்கல்லாகிவிடுமா? படிக்கத் தெரியாதவர் அதனை வெறுங்கல் என்று எண்ணி உளியால் செதுக்கிவிட்டால் வரலாறு அழிந்துபோகும். டிஸ்க்குகளிலும் இத்தகைய எழுத்து முறைகள் பல உண்டு.

விண்டோஸ் கணினிகளுக்குரியது என்.டி.எஃப்.எஸ். என்னும் முறை. ஆப்பிள் கணினி அதனைப் படிக்கும். எனினும் துணை மென்பொருள் இன்றி அதில் எழுத இயலாது. ‘டிஸ்க்கில் புதிதாக ஒன்றும் சேர்க்க முடியவில்லையே’ என்று ஆப்பிள் கணினி வாங்கியோர் முறையிடுவதன் காரணம் இதுவே. மறுபுறம், ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸ் தானே படிப்பதில்லை. ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கும். அவ்வேளையில் மற்றோர் ஆப்பிள் கணினியில் அதனைத் திறந்து, வேண்டியவற்றை வேறு டிஸ்க்கிற்கு மாற்றிக்கொள்வதே தக்க வழி.

இரு வகைக் கணினிகளும் படிக்கவும் எழுதவும் வல்லது எக்ஸ்-ஃபேட் என்னும் முறை. பிள்ளையிடம் ஒரு வகை, பெற்றோரிடம் மற்றொரு வகை என்று இருக்கும் குடும்பங்களுக்கு, புது டிஸ்க் வாங்கும்போது இம்முறையே சௌகரியமானது. ஆனால் ‘எஜெக்ட்’ செய்யாமல் அதனைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையும் அபாயம் மிகுதி. பழைய ஃபேட்-32 முறையில் நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு அடங்காது. முழு நீளக் கலியாண வீடியோ ஏறாமைக்குப் பல வேளைகளில் அதுவே காரணம்.

பூட்டும் காவலும்

டிஸ்க் பூட்டப்பட்டும் இருக்கலாம். விண்டோஸின் ‘பிட்லாக்கர்’ பூட்டு இடப்பட்ட டிஸ்க், கடவுச்சொல்லையோ நாற்பத்தெட்டு இலக்கமுடைய மீட்பு எண்ணையோ கேட்கும். அவ்விரண்டும் இல்லையெனில் எந்தக் கடைக்காரராலும் திறக்க இயலாது. பழைய கணினி கைவசம் இருக்கும்போதே அவ்வெண்ணைத் தாளில் குறித்து, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

அலுவலகம் அளித்த மடிக்கணினியாயின், வெளி டிஸ்க்குகளை நிருவாகமே தடுத்து வைத்திருப்பது உண்டு. அது கோளாறன்று, கட்டளை. அதனை மீற முயல்வது உத்தியோகத்திற்கே ஊறாகலாம். ஆப்பிளின் புதிய மடிக்கணினிகளில், 2022-இல் வெளிவந்த வென்சுரா பதிப்பு முதல், புதிதாகச் செருகும் சாதனத்தை ஏற்கலாமா என்று கணினி அனுமதி கேட்கிறது. கவனியாமல் மறுத்துவிட்டால் டிஸ்க் வாயிலிலேயே நின்றுவிடும். கழற்றி மறுபடி செருகி, அனுமதி அளித்தால் போதுமானது.

உண்மையில் நோயுற்றிருந்தால்

மேற்கூறிய யாவும் செய்தும் பயனில்லையெனில், அண்டை வீட்டாரின் கணினியில் டிஸ்க்கை இணைத்துப் பாருங்கள். அங்குத் திறந்தால் குறை நம் கணினியில்; அங்கும் திறவாவிடில் குறை டிஸ்க்கில் அல்லது கம்பியில். இந்த ஒரு சோதனையே பாதி ஐயத்தைப் போக்கிவிடும்.

‘டக், டக்’ ஒலியும், கோப்பு ஒன்றைத் திறக்கவே நெடுநேரம் ஆவதும் நோயின் அறிகுறிகள். அந்நிலையில் பழுது பார்க்கும் மென்பொருள்களை ஓட விடலாகாது. அவை முழுத் தட்டையும் துருவித் துருவிப் படிப்பதால், எஞ்சிய உயிரும் போய்விடக்கூடும். டிஸ்க் இன்னும் திறக்கிறதாயின், மீட்கவியலாப் புகைப்படங்களை முதலில் வேறிடத்திற்கு மாற்றுங்கள். திரைப்படங்களும் பாடல்களும் பின்னர் ஆகட்டும். திறக்கவில்லையாயின், மின்சாரத்தை நீக்கி வைத்துவிடுங்கள். உறையைப் பிரிக்கவும் கூடாது. ஒரு துகள் தூசியும் உள்ளிருக்கும் தட்டைக் கீறவல்லது.

மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. சாலை போன்ற கணினிக் கடைவீதிகளில் தகவல் மீட்பதாகக் கூறும் பலகைகளைக் காணலாம். டிஸ்க்கை ஒப்படைக்கும் முன், தூசியற்ற அறையில் பணி செய்வார்களா, மீட்காவிடில் கட்டணம் உண்டா, என்னென்ன மீட்க முடியும் என்று எழுதித் தருவார்களா என்னும் மூன்றையும் கேட்டறிவது அவசியம். நம் குடும்பத்துப் படங்களும் வங்கித் தாள்களும் அயலார் கைக்குப் போகின்றன என்பதையும் மறத்தலாகாது.

ஒன்று போதாது

பண்டிகைக் காலங்களில் பழைய கணினியைக் கொடுத்துப் புதியது வாங்கும் சலுகைகள் மிகுதி. புதியதில் டிஸ்க் திறந்து, படங்களும் காணொளிகளும் தெரிவதைக் கண்ணாரக் கண்ட பின்னரே பழையதைக் கைவிட வேண்டும். இது சிறு எச்சரிக்கையே. எனினும் பின்னர் வரும் பெருங்கவலையைத் தவிர்க்க வல்லது.

அனைத்தினும் முக்கியமானது மற்றொன்று. ஒரே டிஸ்க்கில் இருப்பது, இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். டிஸ்க் என்றேனும் ஒருநாள் ஓய்ந்தே தீரும். ஆதலின் இரண்டாவது பிரதி ஒன்று எடுத்து, அதனை வேறு இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளமோ தீயோ திருட்டோ ஓர் இல்லத்தைத் தாக்கினும், மற்றோர் இல்லத்தில் உள்ளது தப்பும். இவ்விஷயத்தில், ஊர் விட்டு ஊர் வந்த நமக்குப் பிறருக்கில்லாத வசதி ஒன்று உண்டு. அண்ணன் ஒரு நகரிலும், தங்கை மற்றொரு நகரிலும், பெற்றோர் சொந்த ஊரிலும் வாழும் குடும்பங்கள் நம்முடையவை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பலகாரப் பொட்டலங்களோடு நினைவுகளின் பிரதி ஒன்றையும் எடுத்துச் சென்று, தாய்வீட்டு அலமாரியில் வைத்து வாருங்கள். ஆண்டுக்கொரு முறை அதனைத் திறந்து பார்த்துப் புதியவற்றைச் சேர்த்து வந்தால், பிரிந்து வாழும் குடும்பத்தின் நினைவுகள் ஒன்றாகவே நிலைத்திருக்கும்.