ரசிகை எழுப்பிய கோயில்

ஒருவருடைய பாட்டிலோ எழுத்திலோ மனத்தைப் பறிகொடுத்துவிட்டால், நாம் சும்மா இருப்பதில்லை. வீட்டில் அவர் படத்தை மாட்டுகிறோம், மாலை போடுகிறோம், நாலு பேரைச் சேர்த்துச் சங்கம் வைக்கிறோம். இந்நாளில் அவர் பெயரால் இணையத்தில் ஒரு தளமே அமைத்துவிடுகிறோம். முதல் வருஷத்தில் படங்களும் புகழுரைகளும் வந்து குவிகின்றன. சில வருஷம் கழித்துப் பார்த்தாலோ, அத்தகைய தளங்கள் பலவும் விளக்கேற்ற ஆளில்லாத கோயில்களாகக் கிடக்கின்றன. அன்பு வற்றிவிட்டதென்று சொல்வதற்கில்லை. கட்டிய முறையில்தான் குறை இருக்கிறது.

முறை தெரிய வேண்டுவோர் தஞ்சையிலிருந்து புறப்பட்டு, பச்சை வயல்களுக்கு நடுவே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வோர் ஆறாகக் கடந்து, காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றுக்குப் போய்வரலாம்.

ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் 1767-ஆம் ஆண்டில் திருவாரூரில் அவதரித்து, 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி திருவையாற்றில் சித்தியடைந்தார். அவருடைய சிஷ்யர்கள் செய்த மிகப் பெரிய தொண்டு, பாட்டுக்களைக் காப்பாற்றியதுதான். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரும் அவருடைய குமாரரும் கீர்த்தனைகளை எழுதி வைத்தார்கள். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையைச் சேர்ந்தன. உமையாள்புரம், தில்லைஸ்தானம் சிஷ்யர்கள் வாய்வழியாகவே பாடாந்தரத்தைக் காத்தார்கள். ஒரு கீர்த்தனை இரண்டு விதமாகப் பாடப்பட்டால், எது யாருடைய வழி என்று இன்றும் சொல்ல முடிகிறது. எதையும் சேர்த்து வைப்பவர் அது எங்கிருந்து வந்ததென்று குறித்து வைக்க வேண்டுமென்பது இவர்கள் காட்டிய முதல் பாடம்.

பாட்டுக்கள் பிழைத்தன, ஆனால் சமாதி பாழடைந்தது. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் செப்பனிட்டார்கள். பிறகு வருஷந்தோறும் ஆராதனை விமரிசையாக நடக்கலாயிற்று. பக்தர்கள் கூடினால் கட்சி பிறக்காமல் இருக்குமா? பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு தோன்றின. உத்ஸவம் இரண்டாயிற்றே தவிர, சமாதிக்கு ஒரு நல்ல கட்டடம் ஏற்படவில்லை.

1921-இல் சென்னையில் பெரும் புகழோடு விளங்கிய சங்கீத விதுஷி பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா, சமாதி கிடக்கும் நிலையைக் கண்டு மனம் நொந்து எழுதியது அது. அம்மையார் உடனே திருவையாற்றுக்குச் சென்றார், நிலத்தைச் சீர்படுத்தினார், பாடிச் சம்பாதித்த பொருளைக் கொண்டு ஸ்வாமிகளுக்குக் கோயில் எழுப்பினார். 1925-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது.

இவ்வளவும் செய்தவருக்கு அந்தக் கோயிலில் பாட உரிமை இருந்ததா? இல்லை! ஆராதனையில் பெண்கள் பாடலாகாது என்று இரண்டு கட்சியினரும் சொன்னார்கள். அவரோ தேவதாசி குலத்தில் பிறந்தவர். ஆயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. பெண்களைச் சேர்த்து மூன்றாவது கட்சி ஒன்றை அமைத்து, சமாதிக்குப் பின்புறத்தில் பாடச் செய்தார். 1940-41 வாக்கில் கட்சிகள் ஒன்றுபட்டன. பெண்களுக்கும் இடம் கிடைத்தது. பின்னர் அம்மையார் 1949-இல் தம் சொத்துக்களைத் தர்மத்துக்கு எழுதி வைத்தபோதும் பெண்களின் உரிமையை மறக்காமல் உறுதி செய்தார்.

இன்று ஆராதனை தினத்தில், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில் ஒருங்கே அமர்ந்து பாடுகிறார்கள். பெரிய வித்வானின் குரலும் நேற்றுக் கற்றுக்கொண்ட குழந்தையின் குரலும் அதில் கலந்துவிடுகின்றன. ஸ்வாமிகளைப் புகழ்ந்து அங்கே பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போகாமல் தாங்களும் பாடிவிட்டுப் போகிறார்கள்.

தம் அபிமான கவிஞருக்கோ, நடிகருக்கோ, பாடகருக்கோ தளம் அமைக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடிய யோசனையும் இதுவே. புகழுரையைக் குறைத்து, அவர் ஆக்கியவற்றின் பட்டியலைப் பிழையின்றி, ஆண்டும் ஆதாரமும் குறித்துச் சேருங்கள். அவர் பிறந்த ஊர், நடந்த தெரு, பாடிய மேடை இவற்றின் படங்களைத் தேடி இடுங்கள். பிறருக்கு உரிமையான படைப்பைக் கேளாமல் எடுக்காதீர்கள். வருகிறவர்கள் தங்களிடமுள்ள பழைய நிகழ்ச்சி நிரலையோ, பாட்டியிடம் கேட்ட விவரத்தையோ கொண்டுவந்து சேர்க்க வழி வையுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சியினருக்கும் உள்ளே இடம் இருக்கட்டும். உங்களுக்குப் பின் அதைக் கவனிக்க நாலு பேரை இப்போதே பழக்கி வையுங்கள்.

நாகரத்தினம்மாள் 1952-ஆம் ஆண்டில் காலமானார். ஸ்வாமிகளின் சந்நிதிக்கு எதிரே அவருக்கும் ஒரு சமாதி இருக்கிறது. புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாறு செல்லும் நேயர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நின்று வணங்கிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.