பத்துமலையைக் குடைந்தது யார்?

தைப்பூச விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்த முதல் நாள், படிவம் 2 மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், பத்துமலையில அவ்வளவு பெரிய குகைய யார் குடைஞ்சாங்க? அந்தக் காலத்துல மெஷின் இருந்துச்சா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்குடம் சுமந்து 272 படி ஏறியவன், மேலே போய் அண்ணாந்தும் பார்த்திருக்கிறான். நூறு மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும் அந்தக் குகைக் கூரையைப் பார்த்தால் யாருக்கும் வரவேண்டிய கேள்விதான் அது.

விடை ஒரே சொல்தான்: மழை.

நம்ப முடியவில்லையா? கரிவளியைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு நீரைப் பயன்படுத்தியிருப்பீர்கள். வாயு உள்ளே சென்றதும் நீர் பால்போல் கலங்கும். 'கலங்கியது' என்று நோட்டில் எழுதிவிட்டு அத்தோடு நிறுத்திவிடுவோம். அடுத்த முறை ஆசிரியரிடம் கேட்டு, கரிவளியைத் தொடர்ந்து செலுத்திப் பாருங்கள். கலங்கல் மெல்ல மறைந்து நீர் தெளிந்துவிடும். அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்கினால் மறுபடியும் கலங்கும்.

முதலில் உருவான வெள்ளைத் தூள் கால்சியம் கார்பனேட். அது நீரில் கரையாது. கரிவளி அதிகமானால் அதுவே கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துவிடுகிறது. சூடாக்கும்போது கரிவளி வெளியேறுவதால் தூள் திரும்பவும் படிகிறது. பத்துமலைக் குகையின் கதை முழுவதும் அந்தச் சோதனைக்குழாய்க்குள் அடங்கிவிடுகிறது.

அந்த மலையும் கால்சியம் கார்பனேட்தான். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடல். கடல் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புப் பாறை ஆயின. பின்னர் பூமிக்குள்ளிருந்து மேலெழுந்த கருங்கல் குழம்பின் வெப்பத்தில் பாறையின் பெரும்பகுதி பளிங்காக மாறிவிட்டது. கடல் சிப்பிகளின் தடயங்களை அங்கே எளிதில் காண முடியாததற்கு அதுவே காரணம்.

மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சம் கரிவளியை எடுத்துக்கொள்கிறது. மரவேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்து அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. அப்போது அது மிக மென்மையான அமிலம் ஆகிவிடும். நீங்கள் குடிக்கும் சோடாவைவிட எவ்வளவோ மென்மையானது. ஆனால், அதற்கு அவசரமே இல்லை. பாறை வெடிப்புகளில் இறங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக்கொண்டே இருந்தது. வெடிப்பு சந்தாயிற்று; சந்து குகையாயிற்று.

இங்கே ஒரு மாணவி குறுக்கிட்டாள். "தண்ணி கீழதானே ஓடும் டீச்சர்? குகை ஏன் மேல இருக்கு?" நல்ல கேள்வி. குகை உருவானபோது சுற்றியுள்ள நிலம் ஏறத்தாழ அதே உயரத்தில் இருந்தது. ஆறுகள் அந்த நிலத்தை அரித்துத் தாழ்த்திவிட்டன. மலை மட்டும் மிஞ்சியது. குகை அதன் மேற்பகுதியில் நின்றுவிட்டது. நாம் ஏறும் படிகள் எல்லாம் அந்த அரிப்பு விட்டுச்சென்ற உயரம்தான். கோயில் குகையின் கடைசியில் வானம் தெரிகிறதே, அங்கே கூரை தாங்க முடியாமல் இடிந்து விழுந்துவிட்டது.

மனிதர்கள் அங்கு வந்தது நேற்றுபோலத்தான். தெமுவான் பூர்வகுடியினர் குகைகளில் தங்கியிருக்கின்றனர். 1860களில் சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் வௌவால் எச்சத்தை உரமாக அள்ளிச் சென்றனர். 1878இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹோர்னடே வந்து பார்த்து எழுதிய பிறகே இக்குகைகள் வெளியுலகில் அறியப்பட்டன. குகை வாயில் வேலின் வடிவில் இருப்பதைக் கண்டுதான் கே. தம்புசாமி பிள்ளை அங்கே முருகனுக்கு வழிபாடு தொடங்கினார் என்பார்கள். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 1920இல் மரப்படிகள் வந்தன. கான்கிரீட் படிகள் அதற்குப் பிறகு. இன்றும் தைப்பூசத்தையொட்டி கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. பக்தர்கள் சுங்கை பத்துவில் நீராடிக் காவடி எடுக்கிறார்கள். மலைக்குப் பெயர் தந்ததும் அந்த ஆறுதான்.

படிகள் முடிவதற்கு முன்பே பக்கவாட்டில் இருட்டுக் குகைக்கு ஒரு வழி பிரியும். காவடியோடு ஏறுபவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சுமார் 2 கிலோமீட்டர் நீளும் அந்த இருளில் செடி வளராது. பிறகு அங்குள்ள உயிர்கள் எதைத் தின்று வாழ்கின்றன? வௌவால் எச்சத்தைத்தான். அதைக் கரப்பான்பூச்சிகளும் உண்ணிகளும் உண்ண, அவற்றைப் பூரான்களும் சிலந்திகளும் பிடிக்கும். அவற்றுள் லிபிஸ்தியஸ் பாத்துவென்சிஸ் என்ற சிலந்தி பத்துமலையின் பெயரையே தாங்கியது. 1923இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதன் குலம் டைனோசர்களுக்கும் முந்தியது. வயிற்றின் மேல் இன்னும் பழங்காலத்துத் தகடுகள் உண்டு. வளையின் வாசலுக்குக் கதவு வைத்து, வெளியே சில நூல்களை இழுத்துக் கட்டி உள்ளே காத்திருக்கும். பூச்சி நூலைத் தட்டினால் போதும், கதவு திறந்துவிடும்.

அந்த இருளில் தேன் குடிக்கும் வௌவால்களும் இருக்கின்றன. இரவில் பல கிலோமீட்டர் பறந்து டுரியான் பூக்களிலும் பெத்தாய் பூக்களிலும் மகரந்தம் சேர்க்கின்றன. டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவு முடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். வௌவால் வராவிட்டால் காய் குறையும். நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நாற்றத்துக்கும் பசார் மாலாமில் டுரியான் வாங்க நிற்கும் கூட்டத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு!

இதே மலையின் ஒரு பகுதியில் பல ஆண்டுகள் கல் உடைத்தார்கள். 1980களில்தான் அது நின்றது. மழை இலட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்ததை வெடிமருந்து ஒரு நொடியில் செய்துவிடும். ஆனால், உடைந்ததை மீண்டும் படியவைக்க அதற்குத் தெரியாது. கூரையிலிருந்து தொங்கும் ஸ்டாலக்டைட் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. நம் விரலிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த வளர்ச்சியும் தடைபடலாம். அதனால்தான் தொடவேண்டாம் என்கிறோம்.

சுண்ணாம்பு நீர்ச் சோதனையை மறு வாரம் செய்து பார்த்தோம். நீர் தெளிந்ததும் அதே மாணவன் கையைத் தூக்கினான். "அப்போ இப்பகூட குகை பெருசாகிட்டுதான் இருக்கா டீச்சர்?"

"ஆமாம்" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.